குழாய்த் தண்ணீரும் கலர் மீனும்



மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாக வந்த யூனியன் அண்ணன், "கவிதை மட்டும் வேணாம்மா, ஏற்கெனவே ஒரு கட்டு சேர்ந்துடுச்சு" என்றார். நல்லதாப் போச்சு, எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது தண்ணீர்தான், அதுவும் மீன் தொட்டிக்கு விடுகிற தண்ணீர். இதிலென்ன எழுத இருக்கிறது, குழாயைத் திறந்து விட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம்.

நான் கொளத்தூர்ப் பெண். சென்னையில் கலர் மீன் என்றால் கொளத்தூர்தான். கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் மினுக்கிக்கொண்டு திரிகிற மீன்களில் பல, சுற்றுவட்டாரத்து வீடுகளின் சிமெண்டுத் தொட்டியிலும் தார்ப்பாய்த் தொட்டியிலும் வளர்ந்தவை. எங்கள் அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அம்மா மொட்டை மாடியில் மீன் வளர்க்கிறாள். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதத்தில் மீன்தான் எங்களுக்குச் சோறு போடும். அம்மா படித்தது ஐந்தாவது. ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று இருப்பதே எங்கள் குடும்பத்துக்கு என்னால்தான் தெரியும்.

போன வருடம் நான் முதலாண்டு படிக்கும்போது, அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கென்று அம்மா ஒரு தொட்டி ஏஞ்சல் குஞ்சுகளை ஒதுக்கி வைத்திருந்தாள். சுமார் 600 இருக்கும். எங்கள் தெருவில் குழாய் வேலை நடந்ததால் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி திடீரென்று வேகமாக வந்தது. வந்த சந்தோஷத்தில் ஓஸை நேராகத் தொட்டிக்குள் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டாள். பிளீச்சிங் வாசனை லேசாக அடித்ததாம். விடிந்து பார்த்தால் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. அம்மா அழவில்லை. வலையால் அள்ளிக்கொண்டே, "நீ படிக்கிற படிப்புல இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லித் தரலையாடி?" என்றாள். அந்த வாரம்தான் கெமிஸ்ட்ரி லேபில் தண்ணீரின் கடினத்தன்மை கண்டுபிடித்து நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஃபீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

சரி, மீன் ஏன் செத்தது? குழாய்த் தண்ணீரில் கிருமி சாக குளோரின் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நமக்குக் காலரா வரும். கடைசி வீட்டுக் குழாயில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்கிறது. குழாய் வேலை நடந்தாலோ, மழைக்காலமானாலோ அளவைக் கூட்டுவார்கள். நம் வயிற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் மீன் தண்ணீரைச் செவுளால் சுவாசிக்கிறது. செவுளின் தோல் மிக மெல்லியது. குளோரின் அதை நேரடியாகப் புண்ணாக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும் மீன் மூச்சு முட்டிச் சாகும்.

இதை எப்படிச் சோதிப்பது? வாசனையை நம்பாதீர்கள். மூக்குக்குத் தெரியாத அளவே குஞ்சுகளுக்குப் போதும். ஆர்த்தோடாலிடின் என்ற திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அது நல்ல பொருள் அல்ல. டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும், அது இன்னும் நல்லது. இன்னொரு விஷயம்: ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுவாரே, அதற்குக் குளோரின் தெரியாது. கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை வைத்துக்கொண்டுதான் "தண்ணி சுத்தம்" என்கிறார்கள்!

குளோரினைப் போக்க இரண்டு வழி. ஒன்று, வாய் அகன்ற டப்பில் பிடித்து, மூடாமல், ஏர் பம்பு ஓடவிட்டு ஒரு நாள் முழுக்க வைப்பது. குறுகலான டிரம்மில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளானாலும் முழுசாகப் போகாது, மேல்பரப்பு வழியாகத்தானே வெளியேற வேண்டும்! இரண்டாவது வழி ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். முன்பெல்லாம் போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவப் பயன்பட்ட அதே கல். மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பதும் பெரும்பாலும் இதன் கரைசல்தான். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ என்பது கணக்கு. எங்கள் தொட்டி 500 லிட்டர். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 250 மில்லிகிராம். ஏழால் பெருக்கினால் 1,750. ஆக இரண்டு கிராம் போட்டால் தாராளம். கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. அன்று ராத்திரி அந்த இரண்டு கிராம் எங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் தண்ணீரில் ஏற்கெனவே அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். அது ஒரு நாள் வைத்தாலும் லேசில் போகாது. ஹைப்போ போட்டால் உடையும், அம்மோனியா மிஞ்சும்.

இனி கடினத்தன்மைக்கு வருவோம். முதலாண்டு லேபில் எல்லோரும் செய்த இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் ஞாபகம் இருக்கிறதா? எரியோகுரோம் பிளாக்-டி போட்டதும் ஒயின் சிவப்பு, முடிவில் நீலம். லேப் அண்ணனிடம் கெஞ்சி எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். போர் தண்ணீர் 20 மில்லிக்கு 0.01 மோலார் இ.டி.டி.ஏ. 9 மில்லி இழுத்தது. ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கில், லிட்டருக்கு 450. குழாய்த் தண்ணீர் 2.6 மில்லிதான், அதாவது 130. அம்மாவிடம் சொன்னதும், "அதான் போர் தண்ணில மோலி நல்லா வருது, ஏஞ்சல் முட்டை மட்டும் பொரிய மாட்டேங்குது" என்றாள். எனக்கு எண் தெரிந்தது, அவளுக்கு மீன் தெரிந்தது. மோலி, கப்பி எல்லாம் கடின நீரை விரும்பும். ஏஞ்சல் அமேசான் பக்கத்து மெதுநீர் மீன். பெரிய மீன் நம் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும், முட்டைக்குத்தான் மெதுநீர் வேண்டும். இரண்டையும் சரிபாதி கலந்தால் 290 வரும். எந்த எண் வேண்டுமோ அதற்கேற்பக் கலந்துகொள்ளலாம். அதற்காக வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் விடாதீர்கள். அதில் கார்பனேட் இருக்காது, பி.எச். பிடிமானம் இல்லாமல் சரியும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லையே, நேராக விடலாமா என்று ஹாஸ்டல் தோழி கேட்டாள். கூடாது. நிலத்துக்குள்ளிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். பிடித்த உடனே பார்த்தபோது பி.எச். 7-க்குக் கொஞ்சம் கீழே. ஒரு ராத்திரி ஏர் பம்பு ஓடவிட்டுப் பார்த்தால் 7.8! பி.எச். ஒன்று ஏறினால் பத்து மடங்கு மாற்றம் என்று படித்திருக்கிறோம். அந்தப் பத்து மடங்கை மீன் தன் உடம்பில் தாங்க வேண்டும். அதனால் போர் தண்ணீரும் ஒரு நாள் காற்று வாங்கட்டும்.

புதுத் தொட்டியில் தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாவது வாரத்தில் மீன் சாகும். காரணம் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா வளர நாலைந்து வாரம் ஆகும். பி.எச். 7-ல் அம்மோனியாவின் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8-ல் ஆறேழு பங்கு. நம் ஊர்த் தண்ணீர் 8-ஐ ஒட்டியே இருப்பதால் முதலில் ரெண்டே ரெண்டு மீன் விடுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பட்டு அந்த பாக்டீரியாவும் போய்விடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தண்ணீரையும் ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் மாற்ற வேண்டாம்.

இப்போது எங்கள் மாடியில் ஒரு டப் எப்போதும் தண்ணீரோடு நிற்கிறது. மஞ்சள் வருதா என்று அம்மாவே பார்க்கிறாள். மாடியேறி வருகிற யாரையும் ஓஸைத் தொட விடமாட்டாள். போன மாதம் கொடுத்த ஏஞ்சலில் தோடு திரும்பி வந்துவிட்டது. வட்டி போனது போனதுதான்.

உங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை தெரிய வேண்டுமென்றால் சனிக்கிழமை லேபுக்குக் கொண்டு வாருங்கள், லேப் அண்ணன் அனுமதி கொடுத்திருக்கிறார். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு, காற்று இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். 100 மில்லி போதும். குளோரினை மட்டும் உங்கள் வீட்டுக் குழாயடியிலேயே பார்த்துவிடுங்கள், பஸ் ஏறி இங்கே வருவதற்குள் அது குறைந்துவிடும்.