வறண்ட காற்றும் மலை ஈரமும்: சி.டி. ரைட்டரை மாட்டுவதும் பேணுவதும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமோ, இடுக்கியின் மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கமோ, 2000க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கல்யாணம் நடந்த வீடு என்றால் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு சி.டி. கிடக்க வாய்ப்பு அதிகம். காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா என்று அந்தக் காலத்து விசேஷங்கள் பலவும் வட்டில்தான் இருக்கின்றன. இன்றைக்கு அதைப் போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. புது மடிக்கணினிகளில் சி.டி. தட்டே வருவதில்லை. ஆனால், ஒதுக்கி வைத்த பழைய மேசைக் கணினி ஒன்று இருந்தால் போதும். அதில் ஒரு ரைட்டரை நாமே மாட்டி, வட்டுகளைப் படிக்கலாம், நகலெடுக்கலாம், புதிதாக எழுதவும் செய்யலாம்.

மாட்டுவது அரைமணி நேர வேலை. அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் ஒருவிதமான ஆபத்து என்றால், இடுக்கி மலையின் ஈரத்தில் நேரெதிரான ஆபத்து. இரண்டையும் தெரிந்துகொண்டு தொடங்குவோம்.

வட்டில் எழுதப்படுவது எப்படி?

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982இல் விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தட்டு அது. ஆலையில் அச்சிடும் பாட்டு சி.டி.யில் தகவல் நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கும். வீட்டில் எழுதும் வட்டில் பள்ளம் கிடையாது. பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய சாயப் பூச்சு, அதற்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்னிஷ் பூச்சு. ரைட்டரின் லேசர், சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்குகிறது. சூடுபட்ட இடம் மாறிவிடுவதால், பிறகு படிக்கும்போது அங்கிருந்து ஒளி குறைவாகத் திரும்புகிறது. ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்தே கணினி தகவலைப் புரிந்துகொள்கிறது.

எழுத்து வட்டின் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் சுருளாகச் செல்லும். சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கி.மீ.க்கு மேல் வரும். இவ்வளவு நெருக்கமான தடத்தை விட்டு விலகாமல் லேசரின் லென்ஸ் ஓடவேண்டும் என்பதால்தான் தூசி, ஈரம், அதிர்வு எதுவும் ரைட்டருக்கு ஆகாது.

ஒரு வட்டில் 700 மெகாபைட் வரை கொள்ளும். ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 150 கிலோபைட். அந்த வேகத்தில் முழு வட்டையும் எழுத 80 நிமிடம் ஆகும். 52 மடங்கு வேகத்தில் மூன்று நிமிடம் போதும். தொடக்க காலத்து ரைட்டர்களைப் பெரிய நிறுவனங்களால்தான் வாங்க முடிந்தது. 1995இல் எச்பி நிறுவனம் ஆயிரம் டாலருக்குக் கீழே ஒன்றைக் கொண்டுவந்த பிறகே விலை இறங்கத் தொடங்கியது. இன்று கடையில் 'டி.வி.டி. ரைட்டர்' என்ற பெயரில் கிடைப்பது சி.டி., டி.வி.டி. இரண்டையும் படிக்கும், எழுதும். புதிதாக வாங்குவோர் அதையே வாங்கலாம்.

வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ரைட்டரில் இரண்டு வகை உண்டு. ஏறத்தாழ 2005க்கு முந்தைய கணினிகளில் ஐ.டி.இ. எனப்படும் அகன்ற பட்டை கேபிள் இருக்கும். பிந்தையவற்றில் சாட்டா எனப்படும் விரலகலக் கேபிள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. உங்கள் மதர்போர்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, முடிந்தால் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கோயம்புத்தூருக்கோ தேனிக்கோ பஸ் ஏறிப் போய், பொருந்தாத ஒன்றை வாங்கி வருவது வீண் அலைச்சல். கேபினெட்டின் முன்பக்கத்தில் ஐந்தேகால் அங்குல அறை காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அண்மைக்கால கேபினெட்டுகள் பலவற்றில் அந்த அறையே இல்லை.

மாட்டும் முறை

கணினியை அணைத்துவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆபத்தான அழுத்தம் தங்கியிருக்கும்.

கேபினெட்டின் பக்கத் தகடுகள் இரண்டையும் கழற்றுங்கள். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, ரைட்டரை முன்னாலிருந்து உள்ளே தள்ளுங்கள். முகப்பு, கேபினெட்டின் முகப்போடு சமமாக நிற்கட்டும். பக்கத்துக்கு இரண்டு ஸ்குரூ போடுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போடும் தடித்த மரை ஸ்குரூ இதற்குப் பொருந்தாது. ரைட்டரோடு வரும் சன்ன மரை ஸ்குரூவையே போடவேண்டும். நீளமான ஸ்குரூ உள்ளே போய்ப் பாகங்களைக் குத்திவிடும்.

சாட்டா என்றால் இணைப்பது எளிது. குறுகிய கேபிளின் ஒரு முனை மதர்போர்டில், மறுமுனை ரைட்டரில். அகன்ற முனை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மின்சாரம். முனைகள் ஒருபக்கம் மடங்கிய வடிவில் இருப்பதால் தலைகீழாக ஏறாது. ஏறவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். பழைய நான்கு முள் இணைப்பைச் சாட்டாவாக மாற்றும் மலிவான அடாப்டர் கேபிள்களைக் கூடுமானவரை தவிருங்கள். அவற்றில் வார்த்து ஒட்டிய தரமற்ற வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

ஐ.டி.இ. என்றால் மூன்று விஷயம் கவனிக்கவேண்டும். பட்டை கேபிளின் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அந்த ஓரம், ரைட்டரின் பின்புறத்தில் மின்சார முனை இருக்கும் பக்கமாக வரவேண்டும். அடுத்தது, பின்னால் இருக்கும் ஜம்பர் என்ற சின்னத் தொப்பி. ரைட்டர் மாஸ்டரா (முதன்மை), ஸ்லேவா (துணை) என்பதை அதை வைத்தே அமைக்கவேண்டும். ஒரே கேபிளில் ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் டிஸ்க் மாஸ்டர், ரைட்டர் ஸ்லேவ். மதர்போர்டில் இரண்டாவது ஐ.டி.இ. முனை காலியாக இருந்தால் ரைட்டரைத் தனிக் கேபிளில் மாஸ்டராகப் போடுவதே நல்லது. கடைசியாக, நான்கு முள் மின்சார இணைப்பு. அதில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் எர்த்.

கேபிள் எதுவும் பிராசஸரின் விசிறியில் உரசாதபடி ஒதுக்கிவிட்டு மூடுங்கள். கணினியைப் போட்டதும் பயாஸ் திரையில் ரைட்டரின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனி டிரைவர் மென்பொருள் தேவைப்படாது.

பாலக்காட்டுக் காற்றில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகை தொடங்கித் தை மாதம் வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியாக வீசும். காற்றில் ஈரம் குறைந்தால், நடப்பதாலும் துணி உரசுவதாலும் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் வடியாமல் தங்கும். விரல் நுனியில் சுருக்கென்று நமக்குத் தெரியவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். மின்னணுச் சில்லைக் கெடுக்கவோ அதில் சிறு பங்கு போதும். அதாவது, நாம் உணராமலேயே மதர்போர்டைக் கொன்றுவிடலாம். அந்த மாதங்களில் வேலை செய்தால், பாலியெஸ்டர் சட்டையைத் தவிருங்கள், வேலையின் இடையிடையே கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், ரைட்டரை மாட்டும் நிமிடம் வரை அதன் உறையிலேயே வையுங்கள்.

அதே காற்று செம்மண் தூசியையும் கொண்டுவரும். தட்டைத் திறந்தபடி விடக்கூடாது. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. சன்னல் ஓரத்தில் வெயில்படும்படி கிடக்கும் சி.டி.யின் சாயம் மெல்ல வெளுத்துவிடும். வட்டு பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் படிக்காது.

இடுக்கி மலையில்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. எதிரி ஈரம். ஜனவரிக் குளிரில் சில்லிட்ட ரைட்டரையோ கணினியையோ போடிக்கோ கம்பத்துக்கோ இறக்கி உடனே ஓடவிட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வேர்ப்பதைப் போல லென்ஸில் நீர் படியும். பையைத் திறக்காமல் ஓரிரு மணி நேரம் வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் இயக்குங்கள்.

மழை மாதங்களில் பூஞ்சை வரும். கேமரா லென்ஸைத் தின்னும் பூஞ்சையைப் பலர் பார்த்திருப்பார்கள். சி.டி.யையும் பூஞ்சை தின்னும் என்பது 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் கிடைத்த ஒரு வட்டிலிருந்து தெரியவந்தது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வட்டுகளை நிறுத்தி வைத்தால் போதும். அதே மாவட்டத்தில் மழைமறைவில் இருக்கும் மறையூர், காந்தளூர் ஆட்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இடியோ கேரளம் முழுவதற்கும் பொது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் 2 மணிக்கு மேல் இரவு 10 வரை மின்னல் அதிகம் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. வானம் கறுத்தால் மின் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மின்னலின் அழுத்தம் இரண்டு வழியாகவும் வரும். யு.பி.எஸ். இதற்குத் தடுப்பு ஆகாது. மின்சாரம் போகும்போது பாதியில் எழுதிய வட்டு வீணாகாமல் காப்பதற்குத்தான் அது.

பழைய வீடுகளுக்கும் எஸ்டேட் லயங்களுக்கும் இன்னொரு எச்சரிக்கை. கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று கூசுகிறதா? உங்கள் பிளக்கில் எர்த் இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி. ரைட்டரில் கைவைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எழுதும்போதும் படிக்கும்போதும்

அதிகபட்ச வேகத்தில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை. 16 அல்லது 24 மடங்கு போதும், பிழை குறையும். முன்பெல்லாம் கணினி தகவலைத் தொடர்ந்து கொடுக்கத் தவறினால் வட்டு அப்போதே குப்பை. 2000இல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த நுட்பத்துக்குப் பிறகு ரைட்டர் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. என்றாலும் எழுதும் நேரத்தில் மேசையைத் தட்டாமல், வேறு வேலை கொடுக்காமல் இருப்பது நல்லது. எழுதி முடித்ததும் 'வெரிஃபை' கொடுத்துச் சரிபாருங்கள்.

52 மடங்கு வேகத்தில் வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முறை சுழலும். நடுத்துளை ஓரத்தில் கீறல் விட்ட வட்டு அந்த வேகத்தில் வெடித்துச் சிதறலாம். விரிசல் கண்ட வட்டைப் போடவே போடாதீர்கள். காகித லேபிளும் ஒட்டவேண்டாம். பாரம் ஒருபக்கம் சாய்ந்தால் வட்டு அதிரும்.

வட்டின் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பார்ப்பார்கள். உண்மையில் எழுத்து எழுதும் மேல்பக்கமே மென்மையானது. வார்னிஷுக்கு அடியிலேயே உலோகப் பூச்சு இருப்பதால், பால்பாயின்ட் பேனா கீறினால் அந்த இடத்துத் தகவல் போனதுதான். மென்மையான மார்க்கரால், கூடியவரை துளையைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் எழுதுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள்.

வட்டு உள்ளே மாட்டிக்கொண்டால் கணினியை அணைத்துவிட்டு, முகப்பில் உள்ள சின்னத் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு அழுத்துங்கள். தட்டு வெளியே வரும்.

ரைட்டரைப் பிரிக்காதீர்கள்

மூடியிருக்கும்வரை ரைட்டர் கண்ணுக்குப் பாதுகாப்பானது. பிரித்தால் அப்படியல்ல. சி.டி. லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது. விழித்திரை நிரந்தரமாகக் கருகிய பிறகே தெரியவரும். டி.வி.டி. ரைட்டரின் சிவப்பு லேசரும் கண்ணுக்கு ஆபத்தானதே. பழைய ரைட்டரிலிருந்து லேசரைக் கழற்றித் தீக்குச்சி கொளுத்தும் வீடியோக்களைப் பார்த்துப் பிள்ளைகள் அதைச் செய்ய முனைந்தால் தடுத்துவிடுங்கள். கெட்ட ரைட்டரை மின்கழிவாகவே கொடுத்துவிட வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எழுதிய சி.டி. நிரந்தரமல்ல. சாயம் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே இந்த இடவப்பாதி மழை தொடங்கும் முன் பீரோவிலிருக்கும் வட்டுகளை எடுங்கள், ஒவ்வொன்றாகப் படித்து ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி என்று வையுங்கள். ரைட்டர்கள் இன்னும் கடையில் கிடைக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.