தண்ணீர் மட்டும் கலங்கிய படம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. செல்போன் சிக்னல் திரும்பியதும் அங்கிருக்கும் சித்தி மகன் மொட்டைமாடியிலிருந்து எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். "அண்ணே, ஷேக் ஆயிட்டு. அழிச்சிரட்டுமா?" என்று கூடவே ஒரு வரி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நடுங்கியிருந்தால் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். இதில் மின்கம்பமும் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரும் துல்லியமாக நிற்கின்றன. தண்ணீர் மட்டும்தான் கலங்கியிருக்கிறது. மேகம் மூடிய மாலை. வெளிச்சம் போதாமல் போன் தானாகவே ஷட்டரை 1/20 விநாடி திறந்து வைத்திருக்கிறது. மிதந்து போன ஒரு மட்டைத் தேங்காய், தன் பருமனில் பாதி அளவுக்கு இழுபட்டுப் பதிந்திருந்தது. பருமன் 20 செ.மீ. என்று வைத்தால் இழுவல் 10 செ.மீ. படத்துக்குக் குறுக்காக ஓடிய தண்ணீர். ஆகவே வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். இடுப்பளவு வெள்ளம் அந்த வேகத்தில் வந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

அதே காட்சியை 1/1000 விநாடியில் எடுத்திருந்தால் தேங்காய் 2 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். படம் பளிச்சென்று இருந்திருக்கும். தெரு குளம் போலத் தெரிந்திருக்கும். அந்தத் தெளிவு எனக்குப் பொய்யாகவே படுகிறது.

மங்கலைக் குறை என்று சொல்லும் வழக்கம் இன்று தொடங்கியதல்ல. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கேமரா கைக்கு வந்தபோது அவருக்கு 48 வயது. அவருடைய முகப் படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று லண்டன் விமர்சகர்கள் சாடினார்கள். மங்கலுக்குப் பௌதிகக் காரணங்கள் உண்டு. அகலத் திறந்த லென்ஸில் மூக்கு நுனி தெளிந்தால் காது மங்கும். அன்றைய ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். நம் கண்ணுக்கோ மஞ்சளும் பச்சையும்தான் பிரகாசம். சாதாரண லென்ஸில் இவை ஒரே இடத்தில் குவியாததால், கண்ணுக்குத் தெளிவானது தகட்டில் தெளிவாக விழாது. உட்கார்ந்திருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்கவும் வேண்டும். பின்னர் நல்ல லென்ஸ் கிடைத்த பிறகும் கேமரூன் தன் பாணியை விடவில்லை. அழகாகத் தெரிந்த இடத்தில் ஃபோகஸ் திருகைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, தோட்டங்களில் உழைத்த தமிழர்களையும் படமெடுத்தார். கடல் கடந்து போன நம் மக்கள் சிலரின் முகங்கள் அந்த மென்மையான மங்கலில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1879இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார்.

முகத்தை அறிய மூளைக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்? கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான் நம் கண் உண்மையில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு. பிறந்த குழந்தைக்கு அதுவும் கிடையாது. அம்மாவின் முகமே கலங்கல்தான். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்காவின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு பலனைக் காட்டியது. முதலில் மங்கலான முகங்களையும் பிறகு தெளிவானவற்றையும் காட்டிப் பழக்கிய கணினி வலையமைப்பு, தெளிவான முகங்களை மட்டுமே பார்த்ததைவிட விதவிதமான படங்களில் முகங்களை நன்றாகப் பிரித்தறிந்தது. நுணுக்கம் தெரியாதபோது முகத்தை முழுதாகப் பார்க்கும் பழக்கம் வருகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

கூர்மை தேவைப்படும் இடங்களும் ஏரலுக்குப் பக்கத்திலேயே உண்டு. சிவகளை அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டின் கீறலைப் பதிவுசெய்பவர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒவ்வொரு கோடும் தெரியும்படி எடுத்தாக வேண்டும். அங்கே மங்கல் தகவலைத் தின்றுவிடும். தேங்காயின் இழுவலில் மங்கலே தகவல்.

அழிக்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். வெள்ளத்தில் ஆள் நிற்க முடியுமா என்பதை வேகத்தோடு ஆழத்தையும் பெருக்கித்தான் கணிக்கிறார்கள். வேகம் படத்தில் இருந்தது. தை அமாவாசைக்கு ஊருக்குப் போனபோது அதே மின்கம்பத்தில் சேற்றுக்கறை அழியாமல் இருந்தது. நான் டேப்பின் நுனியைத் தரையில் பிடித்துக்கொண்டேன்; அவன் கறைவரை இழுத்தான்.