திரையும் சொல்லும்

மாணவர்களே, நம் சித்தூர்ப்புழை சென்று சேரும் பாரதப்புழையின் கரையோரத்தில், பகவதி கோயில்கள் சிலவற்றின் முன்பு கூத்துமாடம் என்னும் நீண்ட மேடையைக் காணலாம். திருவிழாக் காலத்தில் அதன் முகப்பில் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுவர். துணிக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். விளக்குகளுக்கும் துணிக்கும் இடையில் தோலால் செய்த பாவைகளை அசைத்து, இரவு முழுவதும் இராமகதை சொல்வர். இதுவே தோல்பாவைக்கூத்து. கேரளத்தின் கலை இது. ஆயினும் இதில் பாடப்படுபவை கம்பரின் தமிழ்ப்பாடல்கள். பாடலைப் பாடியபின், தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அதற்கு விளக்கம் சொல்வார் கலைஞர். அவரை இங்குள்ளோர் ‘புலவர்’ என்றே அழைக்கின்றனர். இக்கலையைப் பரம்பரையாக நிகழ்த்திவரும் சொரனூர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பவர்பாயிண்ட் பற்றிய பாடத்தில் பாவைக்கூத்து எதற்கு என நீங்கள் கேட்கலாம். அந்தத் துணியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதில் பாவையின் நிழல் மட்டுமே விழுகிறது. எந்தப் புலவரும் பாடலைத் துணியில் எழுதிவைத்து, அதைத் திரும்பிப் பார்த்துப் படிப்பதில்லை. கண்ணுக்குரியது திரையில் இருக்கிறது; காதுக்குரியது புலவரின் நாவில் இருக்கிறது. நம் வகுப்பறைகளில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஒரு பத்தி முழுவதையும் சிறிய எழுத்தில் திரையிலிட்டு, அவையோருக்கு முதுகைக் காட்டி நின்று, ஒருவர் அதை வாசிக்கிறார். கேட்போர் அவருக்கு முன்பே படித்து முடித்துவிடுகின்றனர். பிறகு சன்னல் வழியே வெளியே பார்க்கின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது.

திரையிடப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்லைடு என்கிறோம். தமிழில் படவில்லை எனலாம். கணினி வருவதற்கு முன்பு அது உண்மையிலேயே ஒரு சிறு வில்லையாக இருந்தது. திரையரங்குகளில் இடைவேளையின்போது காட்டப்பட்ட ஸ்லைடு விளம்பரங்களை உங்கள் தாத்தா பாட்டி அறிந்திருப்பர், கேட்டுப் பாருங்கள். பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் 1987இல் வெளிவந்த பின்னர்ப் படவில்லை கணினியில் பரவலாயிற்று. வில்லையில் எழுத இடம் குறைவு என்பதால் அக்காலத்தில் சொற்கள் சிக்கனமாக இருந்தன. கணினியில் இடத்திற்குக் குறைவில்லை, அதுவே தொல்லையாயிற்று.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம். ‘நல்லேப்பிள்ளி வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?’ என்பது உங்கள் தலைப்பு எனக் கொள்வோம். நீங்கள் திரட்டிய செய்திகள் இவை: நம் வட்டாரப் பாசனத்திற்குத் தமிழகத்திலுள்ள ஆழியாற்றின் நீர் வந்து சேர்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்திற்கான ஒப்பந்தம் 1970ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இடையே கையெழுத்தானது. அதன்படி ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்திற்கு அளிக்கப்பட வேண்டும். அந்நீர் சித்தூர்ப்புழை வழியே மூலத்தறையை அடைந்து, அங்கிருந்து வாய்க்கால்களில் பிரிகிறது.

இந்த நான்கு வாக்கியங்களையும் அப்படியே ஒரு படவில்லையில் ஒட்டினால் அது பாடநூலின் பக்கமாகிவிடும். அவற்றுக்குப் பதிலாக ஒரு வரைபடம் போதும். ஒரு நீலக்கோடு, அதன்மேல் ஆழியாறு அணை, மணக்கடவு, மூலத்தறை, நல்லேப்பிள்ளி என நான்கு புள்ளிகள், குறுக்கே மாநில எல்லையைக் காட்டும் புள்ளிக்கோடு. நீர் எல்லையைக் கடந்து வருவது பார்த்தவுடன் விளங்கும். ஒப்பந்தம், ஆண்டு, அளவு ஆகியவற்றை நீங்கள் வாயால் சொல்லுங்கள்.

எண்ணுக்குத் தனிக் கவனம் தேவை. 7.25 டி.எம்.சி. என்று சொன்னால் கேட்போர் மனத்தில் எதுவும் தோன்றாது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியைக் குறிக்கும். ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2.83 கோடி கன மீட்டர், எனவே 7.25 டி.எம்.சி. என்பது 20 கோடி கன மீட்டருக்கும் சற்று மிகுதி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள ஒரு தொட்டியை வரைந்து, “இதில் ஆயிரம் லிட்டர் நீர் கொள்ளும். இப்படி 20 கோடித் தொட்டிகளுக்கு மேல் ஓராண்டில் நமக்கு வரவேண்டும்” என்று சொல்லுங்கள். பின் இருக்கையில் தூங்கத் தொடங்கியவரும் நிமிர்வார். இத்தகைய படவில்லையில் தொட்டியும் எண்ணும் மட்டும் இருந்தால் போதும்.

தமிழில் படவில்லை அமைப்போர்க்குச் சில தனி இடர்கள் உள்ளன. தமிழ்ச்சொற்கள் நீளமானவை. ‘செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கின்றது’ என எழுதினால் ஒரு வரியே முடிந்துவிடும், ‘நடக்கிறது’ எனலாம். நம் எழுத்துகளில் சுழிகளும் மேல்விலங்குகளும் மிகுதி. சிறிய அளவில் ணகரமும் னகரமும் பின்வரிசையினர்க்கு ஒன்றுபோல் தெரியும். ஆகவே 32 புள்ளி அளவுக்குக் குறையாமல் இடுதல் நன்று. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து பகலொளியில் மறைந்தே போகும். எழுத்துருவோ ஒருங்குறியாக இருக்க வேண்டும். பழைய முறை எழுத்துருவில் வீட்டில் தட்டச்சு செய்து, அவ்வெழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். கோப்பைப் பி.டி.எஃப். வடிவிலும் ஒரு படி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. எழுத்துகள் சுழன்று வந்து விழும் அசைவுகள் வேண்டா.

படவில்லை இவ்வளவே. கடினமான பகுதி பேச்சு.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். இந்த வரிசை பொருள் பொதிந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிரில் இருப்பவர் யார் என்று அறியும் முன் அச்சத்தைப் போக்க முயல்வதால் பயன் குறைவு. பாவைக்கூத்துப் புலவர் பகவதிக்காகக் கதை சொல்கிறார்; ஆகவே எதிரேயுள்ள திடலில் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் அவையில் தமிழ் அறிந்த தோழர் சிலர் இருப்பர். மலையாளம் மட்டும் பேசுவோர் பலர் இருப்பர். பெற்றோர் நாளாயின், ஒருநாள் கூலியை விட்டு வந்த தந்தையோ தாயோ கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். அனைவர்க்கும் விளங்க வேண்டும். வரைபடம் மலையாளத் தோழர்க்கு உதவும். சிறு வாக்கியங்கள் எல்லார்க்கும் உதவும்.

எவ்வகைத் தமிழில் பேசுவது என்னும் தயக்கம் உங்களில் பலருக்கு உண்டு. வீட்டில் பேசும் தமிழைக் கேட்டு அவையில் சிரிப்பார்களோ என்று சிலர் வாயே திறப்பதில்லை. மேடைத்தமிழ் என்பது வீட்டுத் தமிழுக்குப் பகையன்று. சொற்களின் இறுதியை விழுங்காமல், ஒவ்வொன்றையும் முழுமையாக ஒலித்தால் பாதி வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்தில் 1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். பின்னர்த் திரு.வி.க. போன்றோர் அரசியல், தொழிலாளர் மேடைகளில் நல்ல தமிழை ஒலிக்கச் செய்தனர். நாம் இன்று மேடைத்தமிழ் என்று கருதுவது, பேசிப் பேசியே உருவானது.

மலையாளத்திற்கு அருகில் வாழ்வதால் உங்களுக்கு ஒரு நன்மையும் ஓர் இடரும் உண்டு. நன்மை, ழகரம். தமிழ்நாட்டில் பலர் ‘பளம்’ என்று சொல்லும்போது, ‘மழை’, ‘புழ’ என நாள்தோறும் கேட்டு வளர்ந்த நீங்கள் அதைப் பிழையின்றி ஒலிக்கிறீர்கள். இடர், ஒரே ஒலியுடைய சொல் இரு மொழிகளில் இரு பொருள் தருவது. “எங்கள் வயலுக்கு வெள்ளம் வேண்டும்” என்று நீங்கள் சொன்னால், மலையாளம் அறிந்தவர் நீர் என்றே கொள்வார். கோவையிலிருந்து வந்த உறவினரோ திடுக்கிடுவார். தமிழில் வெள்ளம் பயிரை அழிப்பதாயிற்றே! இத்தகைய சொற்களை ஒத்திகையின்போதே கண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒத்திகை என்றால் மனத்திற்குள் படிப்பதன்று. நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று முறையேனும் பேசிப் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள ஒருவரைச் சற்றுத் தொலைவில் அமரச் செய்து, மின்விசிறியைச் சுழலவிட்டுப் பேசுங்கள். வகுப்பறையிலும் விசிறி ஓசை எழுப்பும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தப்பியதும் எல்லாம் தப்பும். தொடக்கத்தில் நெஞ்சு படபடப்பதும் தொண்டை வறள்வதும் இயல்பு. அவையைப் பார்த்து நின்று, ஒரு மூச்சு நன்றாக இழுத்துவிட்டபின் வாய் திறங்கள். அந்த மூன்று நொடி உங்களுக்குத்தான் நீளமாகத் தோன்றும். வினா எழுந்து விடை தெரியாவிடில், “கேட்டறிந்து நாளை சொல்கிறேன்” எனலாம், அது இழுக்கன்று.

மின்சாரம் தடைப்படுதல் மழைக்காலத்தில் அரிதன்று. புரொஜெக்டர் அணைந்தால் உரையும் அணைந்துவிடக் கூடாது. கரும்பலகையில் ஒரு கோடும் நான்கு புள்ளிகளும் இட்டு, ஆழியாற்று நீரை நல்லேப்பிள்ளிக்குக் கொண்டுவர இயலுமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்திறன் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடமளிக்கிறது. எழுதிய மனுவுக்குப் பின்னால் எழுந்து நின்று விளக்கிச் சொல்லும் ஒருவரும் தேவைப்படுவார். வாய்க்காலின் கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்பதைக் கிராம சபையில் ஒரு வரைபடத்துடன் ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இன்று யார்?

செய்து பார்க்க: உங்கள் பெற்றோர் செய்யும் தொழில் பற்றி மூன்று படவில்லைகள் அமைக்க. ஒவ்வொன்றிலும் ஒரு படமும், ஆறு சொற்களுக்கு மிகாத ஒரு வரியும் மட்டும் இடம்பெறட்டும். தொழிற்கருவிகளின் பெயர்களை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுக. நான்கு நிமிடம் பேசிக் காட்டுக. முதலில் வீட்டில், பின்னர் வகுப்பில்.