முழு முக மாஸ்க் போட்டு ஸ்கூபா பழகலாமா?

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன் என்று சொன்னதிலிருந்து நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எனக்கும் ஆசைதான். ஆனா மூக்குல தண்ணி ஏறினாலே பயம். முகம் முழுக்க மூடுற மாஸ்க் ஒண்ணு இருக்கே, அதைப் போட்டுக்கிட்டு நேரா பழகிட முடியாதா?"

நியாயமான கேள்வி. நானும் இதே ஆர்வத்தில்தான் அந்த மாஸ்க்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சாதாரணப் பயிற்சியை முடித்த பிறகு அதற்கான தனிப் பயிற்சியும் எடுத்துக்கொண்டேன். என் பதில்: பழகலாம், ஆனால் இரண்டாவதாக. காரணம் அந்த மாஸ்க் வேலை செய்கிற விதத்திலேயே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தலைக்கு மேல் குழாய் நீட்டிக்கொண்டு, கடைகளில் விற்கிற முழு முக மாஸ்க் வேறு. அது ஸ்நார்க்கலுக்கானது, நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பதற்கு மட்டும். அதற்குள் வருவது வெளிக்காற்று. ஆழத்தில் நீர் அழுத்துகிற அளவுக்கு அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்க அதில் எதுவும் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு முங்கக் கூடாது. நான் பேசப்போவது சிலிண்டரோடு இணைகிற, விலையும் எடையும் பல மடங்கு அதிகமான மாஸ்க்கைப் பற்றி.

சாதாரண மாஸ்க்: இரண்டு தனித்தனி வேலைகள்

வழக்கமான ஸ்கூபாவில் மாஸ்க் கண்ணையும் மூக்கையும் மூடுகிறது. மூச்சுக்கு வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர். இரண்டுக்கும் தொடர்பில்லை. மாஸ்க்கில் தண்ணீர் நிறைந்தாலும், ஏன், மாஸ்க் கழன்றே போனாலும், மூச்சு நிற்காது. ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும் கண் தெரியும். தேடிப் பிடித்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

புதியவர்களுக்குச் சிக்கல் மூக்கில்தான். முகத்தில் தண்ணீர் பட்டதும் மூக்கால் இழுத்துவிடுவது பழக்கம். வாயால் மட்டும் மூச்சு விட்டு, மூக்கின் உள்வழியை மென்அண்ணத்தால் அடைத்து வைத்திருப்பது பழகினால் வருகிற ஒரு திறமை. இதற்காகத்தான் அடிப்படைப் பயிற்சியில் குளத்துக்குள் மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடமாவது ரெகுலேட்டரில் மூச்சு விடச் சொல்கிறார்கள். எனக்கு மொத்தப் பயிற்சியிலும் நீளமாகத் தெரிந்த நிமிடம் அதுதான். நண்பர்கள் தவிர்க்க நினைப்பதும் அந்த நிமிடத்தைத்தான்.

முழு முக மாஸ்க்குக்குள் என்ன இருக்கிறது?

நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே ரப்பர் விளிம்பு முகத்தைச் சுற்றி ஒட்டுகிறது. பின்தலையில் பல கிளைகளாகப் பிரியும் பட்டைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. ரெகுலேட்டர் மாஸ்க்கிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. எதையும் கடிக்க வேண்டாம். உள்ளே மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் ஒரு சின்ன உள்மாஸ்க் உண்டு. அது இல்லாவிட்டால் நாம் விட்ட கரியமில வாயு முழு மாஸ்க்கிலும் தேங்கி, அதையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். உள்ளே வரும் வறண்ட காற்று முதலில் கண்ணாடியைத் தடவி வருவதால் ஆவி படிவதும் குறைவு.

சில மாடல்களில் உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்படும். விளிம்பில் எங்காவது இடைவெளி விழுந்தால் தண்ணீர் உள்ளே வராது, காற்று வெளியே போகும். இந்த யோசனை தீயணைப்புக் கருவிகளிலும் உண்டு. அங்கே புகை உள்ளே வராமல் இருக்க. டைவர்கள் ஏ.ஜி.ஏ. மாஸ்க் என்று சொல்லும் பிரபலமான மாடல், கலங்கரை விளக்குகளுக்கு வாயுக் கருவிகள் செய்த ஸ்வீடன் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. அந்த நிறுவனத்தின் குஸ்தாஃப் டாலேன் 1912-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். இன்று அந்த மாஸ்க் இன்டர்ஸ்பைரோ என்ற பெயரில் வருகிறது.

வசதிகள் நிறைய. மூக்கால் மூச்சு விடலாம். தாடை வலிக்காது. குளிர்ந்த நீரில் முகம் விறைக்காது. அசுத்தமான நீரில் வேலை செய்பவர்களுக்கு வாயிலும் கண்ணிலும் நீர் படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசலாம்! ரேடியோ அலை உப்புநீரில் சீக்கிரமே மடிந்துவிடும் என்பதால் குரலை மீயொலியாக மாற்றி அனுப்புகிறார்கள். பரவலாகப் புழங்கும் ஓர் அலைவரிசை 32.768 கிலோஹெர்ட்ஸ். மென்பொருள்காரர்களுக்கு இந்த எண் பழக்கமானது: 32768, அதாவது 2-இன் 15-ஆம் அடுக்கு. நம் கைக்கடிகாரத்துக் குவார்ட்ஸ் படிகம் துடிப்பதும் இதே வேகத்தில்தான்.

கொடுக்க வேண்டிய விலை

முதல் விலை காற்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர், நிரப்பும் அழுத்தம் 200 பார். 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் மிச்சம் 150 × 11 = 1650 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு, ஆகவே செலவு 60 லிட்டர். கையில் இருப்பது சுமார் 27 நிமிடம். இப்போது பேசுவதாலோ, விளிம்பில் கசிவதாலோ மேல்மட்டச் செலவு 25 லிட்டராக ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் 22 நிமிடமாகச் சுருங்கிவிடும். தாடி வைத்திருந்தால் விளிம்பு சரியாக ஒட்டாது. கசிவு இன்னும் கூடும்.

இரண்டாவது, காது. கீழே இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதித்தான் காதின் அழுத்தத்தைச் சமன் செய்கிறோம். இதில் விரல் மூக்குக்குப் போகாது. உள்ளே ஒரு சின்ன மெத்தை வைத்திருக்கிறார்கள். மாஸ்க்கை மேலே தள்ளி மூக்குத் துவாரங்களை அதில் அழுத்தி ஊத வேண்டும். மெத்தை நம் மூக்குக்குச் சரியாகப் பொருந்தும் வரை அதை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. சிலிண்டரில் காற்று தீர்கிறது என்று வையுங்கள். சாதாரண டைவருக்கு: ஜோடியின் உபரி ரெகுலேட்டரை வாங்கி வாயில் வைத்தால் முடிந்தது. மாஸ்க் அப்படியே இருக்கும், கண் தெரியும்.

முழு முக மாஸ்க்காரர் என்ன செய்ய வேண்டும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கையே கழற்ற வேண்டும். அந்த நொடியில் கண்ணும் மூச்சும் ஒன்றாகப் போய்விடும். வெறும் முகத்தில் தண்ணீர் அடிக்கும். நீர் குளிர்ந்ததாக இருந்தால் உடம்பு தானாக ஏங்கி இழுக்கப் பார்க்கும். அதை அடக்க வேண்டும். மங்கலாகத் தெரிகிற ரெகுலேட்டரைத் தடவிப் பிடித்து, வாயில் வைத்து, தண்ணீரை வெளியேற்றி, வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். பிறகு பையிலிருந்து சாதாரண மாஸ்க்கை எடுத்து மாட்டி, அதிலிருக்கும் நீரை ஊதித் தள்ள வேண்டும்.

பார்த்தீர்களா? எந்த நிமிடத்தைத் தவிர்க்க இந்த மாஸ்க்கைத் தேடினோமோ, அதே நிமிடம் இங்கே அவசர நேரத்தில், ஆழத்தில், எச்சரிக்கை இல்லாமல் வந்து நிற்கிறது. குளத்தில் அதைப் பழகாதவருக்கு அங்கே முதல் முறை.

எங்கள் தொழிலில் இதை நன்றாகத் தெரியும். தனித்தனியாக ஓடிய இரண்டு சேவைகளை ஒரே பெட்டியில் வைத்தால் பராமரிப்பு சுலபம்தான். பெட்டி விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். அதனால்தான் தொழில்முறை டைவர்கள் இரண்டாவது சிலிண்டரையும், மாஸ்க்கைக் கழற்றாமலே அதற்கு மாற்றிக்கொள்ளும் வால்வையும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மாஸ்க்கே உடைந்தாலோ, கழன்றாலோ வால்வு உதவாது.

தாம் லுவாங் குகை

"2018-இல் தாய்லாந்து குகையிலிருந்து டைவிங் பயிற்சியே இல்லாத பையன்களை இந்த மாஸ்க் போட்டுத்தானே கொண்டுவந்தார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களது கால்பந்துப் பயிற்சியாளரும் குகையில் மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 2-இல் பிரிட்டன் டைவர்கள் ரிக் ஸ்டான்டனும் ஜான் வோலன்தனும் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 6-இல் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் இறந்துபோனார். நன்கு பயிற்சி பெற்றவருக்கே அந்த நிலை.

பையன்கள் பாதி வழியில் பீதியடைந்தால் அவர்களும் போவார்கள், கூட்டிவருபவரும் போவார். எனவே ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் அவர்களுக்குக் கெட்டமைன் கொடுத்து மயக்கினார். மயங்கியவர் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கடிக்கத் தேவையில்லாத, உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்கும் முழு முக மாஸ்க். முன்னதாக உள்ளூர்ச் சிறுவர்களை வைத்து நீச்சல் குளத்தில் ஒத்திகை பார்த்தார்கள். குகையில் பையன்களின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். நடுவில் விழித்து மாஸ்க்கை இழுத்துவிட்டால் திரும்ப மாட்ட வழியே கிடையாது. இந்தத் திட்டம் பலிக்கும் என்று ஹாரிஸே நம்பவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜூலை 8 முதல் 10 வரை 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

பயிற்சி இல்லாதவருக்கு இந்த மாஸ்க் பொருத்தம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. மாஸ்க்கைத் தொடவே முடியாதபடி கையைக் கட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்ந்த டைவரைக் கொடுத்தபோதுதான் அது பலித்தது. சுற்றுலாவுக்குப் போகும் நம்மை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

ஆக, என்ன செய்யலாம்?

மூக்குப் பயம் இருப்பவர்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்நார்க்கல் குழாயை வாயில் வைத்து, மாஸ்க் இல்லாமல் முகத்தை முக்கி வாயால் மூச்சு விட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பத்து நொடி, இருபது நொடி என்று ஏற்றிக்கொண்டே போகலாம். பிறகு குளத்தில், பயிற்றுநரோடு. பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும்.

அது வந்து, அடிப்படைச் சான்றிதழும் வாங்கி, சில டைவ்களும் முடித்த பிறகு முழு முக மாஸ்க்குக்கு வாருங்கள். வகுப்பில் சேர்வதற்கு முன் பயிற்றுநரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மாஸ்க்கைக் கழற்றி மாற்று ரெகுலேட்டருக்குப் போவதை எத்தனை முறை செய்யவைப்பீர்கள்?" ஒரு முறை காட்டுவோம் என்றால் வேறு இடம் பாருங்கள். சலித்துப்போகும் வரை செய்யவைப்போம் என்றால் தாராளமாகச் சேரலாம்.