இடித்துத் தின்ன ஒரு வீடு

நார்வேயின் பெர்கன் நகரில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு குட்டி ஊர் முளைக்கும். வீடு, தேவாலயம், ரயில், கப்பல் எல்லாமே இஞ்சி பிஸ்கட். 1991-இல் தொடங்கிய வழக்கம். கட்டுகிறவர்களில் பெரும்பங்கு பாலர் பள்ளிக் குழந்தைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டில் முயன்றவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “நாங்க கட்டினா மட்டும் கூரை ஏன் சறுக்கிட்டு வருது?” டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஒரே மதியத்தில் பிசைந்து, சுட்டு, ஒட்டி, மிட்டாயும் பதித்துவிடப் பார்க்கிறோம். வேலையை மூன்று நாளுக்குப் பிரித்துப் போடுங்கள். எது பெரியவர்கள் வேலை, எது பிள்ளைகள் வேலை என்பதும் தானாகப் பிரிந்துவிடும்.

முதல் நாள் மாவு. மைதா, வெண்ணெய், சர்க்கரை, தேன், சுக்குப் பொடி, பட்டை, கிராம்பு. பிள்ளைகள் கையை விட்டுப் பிசையட்டும். தின்கிற பிஸ்கட்டுக்குச் சோடா உப்பு சேர்ப்போம். சுவருக்கு அது வேண்டாம். சோடா இருந்தால் மாவு ஓவனில் உப்பிப் பரவும், நேராக வெட்டிய ஓரம் வளையும், இரண்டு சுவர் சேரும் மூலையில் விரல் நுழைகிற சந்து விழும். பிசைந்த மாவு ராத்திரி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். உடனே தேய்த்தால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு சுருங்கிவிடும்.

இரண்டாம் நாள் பெரியவர்களுடையது. சுவர், கூரை அளவுகளை முதலில் அட்டையில் வெட்டி, செலோ டேப்பால் ஒட்டி நிற்க வைத்துப் பாருங்கள். அட்டையில் நிற்காதது மாவிலும் நிற்காது. மாவைப் பட்டர் பேப்பர் மேலேயே அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டையை வைத்து வெட்டி, சுற்றியிருக்கும் மிச்சத்தை மட்டும் எடுங்கள். சுவரைத் தூக்கி வைக்கப் போனால் கோணிக்கொள்ளும். பேப்பரோடு தட்டில் வைப்பதே நல்லது. 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 15 நிமிடம். வெளியே எடுத்ததும், சூடு இருக்கும்போதே, அதே அட்டையை மறுபடி வைத்து ஓரத்தைச் சீவிவிடுங்கள். ஆறினால் மொறுமொறுப்பாகி உடையும்.

ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமா? சுவர் முக்கால் பதம் வெந்ததும், வெட்டிவிட்ட ஓட்டையில் பொடித்த கடின மிட்டாயைத் தூவி, மறுபடி ஓவனில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உருகி, ஆறியபின் ஒளி ஊடுருவும் பாளமாகிவிடும். கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஹேன்சல், கிரெட்டல் கதையிலேயே சூனியக்காரி வீட்டுச் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. ஹம்பர்டிங்க் இசையமைத்து, 1893 டிசம்பர் 23-இல் வைமார் நகரில் அரங்கேறிய ஆபெராவும் அந்தக் கதைதான். கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெர்மனியில் இன்றும் மேடையேறுகிறது.

இரண்டாம் நாள் மாலையே சுவர்களை ஒட்டிவிடலாம். ஸ்வீடனில் பலர் சர்க்கரையை உருக்கி ஒட்டுவார்கள். நொடியில் பிடிக்கும், விரலில் பட்டால் தோலோடு வரும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஐசிங்கே போதும். ஒரு முட்டை வெள்ளைக்கரு, 200 முதல் 250 கிராம் ஐசிங் சர்க்கரை. பச்சை முட்டை வாயில் போகும் என்பதால், பாஸ்டுரைஸ் செய்த வெள்ளைக்கருவோ மெரிங் பவுடரோ நல்லது. கரண்டியைத் தூக்கினால் ஐசிங்கின் நுனி சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்தால் இன்னும் சர்க்கரை. நான்கு சுவரையும் ஒட்டி, உள்ளும் புறமும் டம்ளரை முட்டுக் கொடுத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். கூரை அதற்குப் பிறகுதான். கூரையின் கீழ் விளிம்புக்கும் முட்டு வேண்டும், விடியும்வரை. அந்தச் சறுக்கலுக்கு வேறு மருந்து கிடையாது.

மூன்றாம் நாள் முழுக்கப் பிள்ளைகள் ராஜ்ஜியம். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: கூரையில் மிட்டாயைக் கீழ் வரிசையிலிருந்து மேலே அடுக்கணும், கீழே இருப்பது மேலே வருவதைத் தாங்கும். மற்றபடி ஒரே சுவரில் முப்பது மிட்டாய் பதித்தாலும் வாயைத் திறக்காதீர்கள். ரொம்பச் சின்னப் பிள்ளையென்றால், ஒட்டுவதற்கு முன்பே சுவரைப் படுக்க வைத்துக் கொடுத்துவிடுங்கள். மிட்டாய் வழியாது, வீடும் சாயாது.

எத்தனை நாள் வைத்திருப்பது? தேனும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுக்கும். சுவர் மெல்ல நமத்துத் தொய்யும், தூசியும் படியும். ஸ்வீடனில் இதற்கு நாள் குறித்தே வைத்திருக்கிறார்கள்: கனூட் தினமான ஜனவரி 13. கிறிஸ்துமஸ் மரத்தின் அலங்காரத்தைக் கழற்றும் அன்று பிள்ளைகள் வீட்டை உடைத்துத் தின்பார்கள். நீங்களும் கட்டும்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள். ஈரக்காற்று உள்ள ஊரென்றால் இன்னும் முன்னதாக. இடிக்கப் போகிறோம் என்று தெரிந்த பிள்ளை, ஒரு சுவர் கோணினாலும் அழாது.