சாமுராய்ப் படங்களில் மாயம் எதற்கு?

ஜப்பானியச் சாமுராய்ப் படங்களுள் ஒருவகை, வாட்போருடன் மாயத்தையும் கலந்து தருவதாகும். மாண்டவர் எழுவர்; பேயோடு வீரன் பொருதுவான். இத்தகைய படங்கள் பெரியவர்களையும் கவர்வது ஏன்? ஒரு படத்தைக் கொண்டு ஆராய்வோம்.

கின்ஜி ஃபுக்காசாக்கு இயக்கி, 1981ஆம் ஆண்டில் வெளிவந்த படம் 'மக்காய் தென்ஷோ'. யமாடா ஃபூத்தாரோவின் நாவலைத் தழுவியது. கற்பனைக் கதைதான், ஆனால், அதன் வேர் வரலாற்றில் இருக்கிறது. 1637இல் ஷிமாபாரா, அமாக்குசா வட்டார உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தாங்கொணா வரியும், கிறித்துவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் அதற்குக் காரணங்கள். அமாக்குசா ஷிரோ என்னும் பதின்வயது இளைஞன் அவர்களுக்குத் தலைவனானான். 1638இல் ஹாரா கோட்டை வீழ்ந்தது. பல்லாயிரவர் மடிந்தனர், ஷிரோவும் மாண்டான். கொடிய வரி விதித்த ஷிமாபாராவின் ஆட்சியாளனும் அவ்வாண்டே தலை வெட்டப்பட்டான். ஆயினும், மாண்ட உழவர்கள் மீளவில்லை.

வரலாறு முடிந்த இடத்தில் படம் தொடங்குகிறது. ஷிரோ உயிர்த்தெழுகிறான். தன்னைக் கைவிட்ட கடவுளைத் துறந்து, டோக்குகாவா ஆட்சியைப் பழிவாங்கச் சூளுரைக்கிறான். நிறைவேறாத ஆசையோடு இறந்தவர்களைத் துணைக்கு எழுப்புகிறான். புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோத்தோ முசாஷியும் அவர்களுள் ஒருவர். அநீதியாக மாண்டவரின் ஆவி அடங்காது என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. அவ்வாவியை அவர்கள் 'ஒன்ரியோ' என்பர். ஆகவே, இந்த மாயம் அவர்களுக்கு அந்நியமானதன்று.

ஷிரோவை எதிர்ப்பவன் ஜூபெய் என்னும் சாமுராய். சன்னி சிபா நடித்த பாத்திரம். பேய்களை வெட்டவல்ல வாளொன்றை முராமாசா என்னும் கொல்லர் அவனுக்கு அடித்துத் தருகிறார். தீப்பற்றி எரியும் எடோ கோட்டைக்குள், பேயாகிவிட்ட தன் தந்தையையே அவன் எதிர்கொள்ள நேர்கிறது. கடமைக்கும் பாசத்திற்கும் இடையே நடக்கும் போராட்டம் அங்கே நெருப்பின் நடுவில் கண்முன் நிற்கிறது.

இறுதியில் ஜூபெய், ஷிரோவின் தலையை வெட்டுகிறான். ஷிரோவோ அத்தலையைக் கையில் ஏந்தியபடி, மீண்டும் வருவேன் என்று கூறிச் சிரிக்கிறான்.

அவன் செய்யும் கொலைகளை நாம் வெறுக்கிறோம். அவனுக்கு நேர்ந்த கொடுமையையோ மறுக்க முடியவில்லை. நம் மனம் இவ்வாறு இரண்டுபடுவதே இப்படத்தின் ஈர்ப்பு எனலாம். வாள் பேயை வெட்டும். அப்பேயைப் பிறப்பித்த அநீதியை வெட்ட எந்த வாளாலும் இயலாது. அதை ஆள்வோர் முன்னதாகவே களைந்திருக்க வேண்டும்.