காதைப் பார்த்த பிறகே மருந்து

"காதுவலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தா பிள்ளைக்கு ஆட்டிசம் வந்துடுமாமே?" கைப்பேசியில் சுற்றும் காணொளிகள் இந்தக் கேள்வியை எல்லா வீடுகளுக்கும் கொண்டுவந்து விட்டன. பெரியபாளையம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகைக்கு இருக்கும் இளம் பெற்றோரில் பலர் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். பெரியவர்கள் ஊரில் இருப்பார்கள். நடு இரவில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழும்போது அம்மாவும் அப்பாவும் மட்டுமே கூடி முடிவெடுக்க வேண்டும். பயந்தவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தையே கொடுக்காமல் வைத்துவிடுகிறார்கள். பயப்படாதவர்கள் மருந்துக்கடையில் "குழந்தைக்குக் காதுவலி" என்று சொல்லி, கேட்டது கிடைத்ததும் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு வீட்டிலும் நடக்காமல் போனது ஒன்றுதான். பிள்ளையின் காதுக்குள் யாரும் பார்க்கவில்லை.

முதலில் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காது நோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இதுவரை நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் எலன் போல்ட் என்ற தாய், தன் மகன் காதுக்காக அடுத்தடுத்து ஆன்டிபயாடிக் குடித்த பிறகு பேச்சும் பழக்கமும் மாறிப்போனதைக் கண்டார். தானே மருத்துவ நூல்களைப் படித்தார். மருந்து குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்ததால் கெட்ட கிருமி பெருகி, அதன் நஞ்சு மூளையைத் தாக்கியிருக்கலாம் என்று 1998இல் 'மெடிக்கல் ஹைப்போதிசிஸ்' இதழில் எழுதினார். அவர் சொன்னது சரியா என்று பார்க்க 2000ஆம் ஆண்டில் 11 குழந்தைகளை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. அதில் தெரிந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. 2005இல் அதே இதழில் ஜோன் ஃபாலன், ஆட்டிசம் உள்ள 206 குழந்தைகளின் விவரங்களை வைத்து, அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தின் மேல் சந்தேகம் எழுப்பினார். புதுக் கருதுகோள்களை வெளியிடுவதற்காகவே நடந்த இதழ் அது. அந்நாளில் அதில் வந்த கட்டுரைகளை வேறு நிபுணர்கள் சரிபார்க்கும் வழக்கமும் கிடையாது. அந்தத் தாயின் தவிப்பையும் தேடலையும் மதிக்கிறேன். ஆனால் அவர் எழுப்பியது கேள்வி. அதையே விடையாக ஊருக்கெல்லாம் சொல்லுவது தவறு.

பெரிய எண்ணிக்கையில் பார்த்த ஆய்வு வேறு சொல்கிறது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1998 முதல் 2016 வரை பிறந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். பிறந்த முதல் ஆண்டில் ஆன்டிபயாடிக் பெற்றவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. அப்படியென்றால் பல பெற்றோர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது எப்படி? காலம்தான் காரணம். காது நோய் மிக அதிகமாக வருவது ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரலால் சுட்டிக்காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது என ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்குவதும் ஒன்று, இரண்டு வயதில்தான். முன்னே வந்தது பின்னே வந்ததற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்ப காலத்தில் பாராசிட்டமால் சாப்பிடுவதை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசினார். அதன் பிறகு, காதுவலிக்கு முதலில் கொடுக்க வேண்டிய அந்த மருந்தையே பிள்ளைக்குத் தரத் தயங்குகிறவர்களும் உண்டு. சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த 24 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டது. ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுத்து, இன்னொன்றில் எடுக்காத தாய்மார்களின் பிள்ளைகளிடையே ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. வலியில் துடிக்கும் பிள்ளைக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கப் பயப்பட வேண்டாம். ஆனால் பாட்டிலைப் படியுங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது. போன முறை கொடுத்த அதே மூடி அளவு இந்த முறை இரட்டிப்பாகிவிடலாம்.

இனி, உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சாய்வாக இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ள, உள்ளே நீர் தேங்கிச் சீழ் பிடிக்கிறது. சில பிள்ளைகளுக்குச் செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வரும். வந்ததும் வலி குறைந்துவிடுவதால் "சரியாகிவிட்டது" என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஓட்டை மூடாமல் மாதக் கணக்கில் சீழ் வடிந்தால் அது நாள்பட்ட நோய். உலகச் சுகாதார நிறுவனம் இந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்திருக்கிறது. காது கேளாமைக்கு இங்கே அது ஒரு பெரிய காரணம். அரிதாகக் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும், அங்கிருந்து மூளைக்கும் சீழ் பரவுவதும் உண்டு.

சீழ் வடியாத பிள்ளைக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. நோய் போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கலாம். வலிக்காது, காய்ச்சல் இருக்காது, கேட்பது மட்டும் மந்தமாகிவிடும். ஒன்றரை வயதுப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது, பேச்சு தாமதமாகும். அதைப் பார்த்து "ஆட்டிசமோ" என்று பதறி, அதற்குக் காரணம் மருந்துதான் என்று பழியும் போடுகிறோம். பல பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது ஒரு கேட்புப் பரிசோதனை. ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கும் எந்த மருத்துவரும் முதலில் காது கேட்கிறதா என்றுதான் உறுதி செய்வார்.

சரி, ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும்? எல்லாக் காதுவலிக்கும் வேண்டாம். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஒரே நாளில் வலி குறைந்துவிடுகிறது என்று உலகின் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை காட்டுகிறது. மருந்து பெறும் பிள்ளைகளில் 14 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக வயிற்றுப்போக்கோ வாந்தியோ தடிப்போ வருகிறது. ஆகவே இரண்டு வயதைத் தாண்டிய, காய்ச்சல் அதிகமில்லாத, வலி மிதமாக உள்ள பிள்ளைக்கு வலிமருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் அல்ல, முறையான சிகிச்சை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2013 வழிகாட்டுதல் இதை ஏற்கிறது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் நோய் இருந்தால், காதில் சீழ் வந்தால், காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டினால், வலி கடுமையாக இருந்தாலோ இரண்டு நாளாகியும் விடாவிட்டாலோ ஆன்டிபயாடிக் தேவை. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காதுமடல் முன்னே தள்ளி நின்றாலோ, பிள்ளை மயங்கி விழுந்தாலோ, கழுத்தை வளைக்க முடியாமல் போனாலோ 108ஐ அழையுங்கள். காத்திருந்து பார்ப்பது என்பது, மூன்றாம் நாள் அதே மருத்துவரிடம் காதைத் திரும்பக் காட்ட முடிகிறவர்களுக்கான வழி. பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள், திரும்பக் காட்ட வழியில்லை என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் முடிவு மாறலாம்.

பொதுவாக முதலில் கொடுக்க வேண்டியது சாதாரண அமாக்சிசிலின். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். கடைகளில் "மூணு நாள் மருந்து" என்று எடுத்துக் கொடுக்கும் அசித்ரோமைசின் காது நோயை உண்டாக்கும் கிருமிகளிடம் அவ்வளவாக எடுபடாது. தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் பாட்டிலை ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். போன மாதம் மிஞ்சியதை இந்த மாதம் கொடுக்காதீர்கள். அக்காளுக்கு எழுதியது தம்பிக்கு வேண்டாம். வலி குறைந்தது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு அத்தனை நாளும் கொடுங்கள். காதுக்குள் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அவை நேராக உள்ளே போகும்.

இப்போது சட்டம். ஆன்டிபயாடிக்குகள் மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் இருப்பவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். செஃபிக்சிம், செஃபோடாக்சிம் போன்றவை 2014 மார்ச் 1 முதல் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் தன் கடமையைச் செய்கிறார். ஒவ்வொரு முறையும் பில் வாங்கி, அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகள் அதற்குள் இறந்துவிட்டார்கள். எந்த வீட்டில் இருந்த பாட்டில் ஆபத்தானது என்று அடையாளம் காட்டியது பேட்ச் எண்தான்.

மருத்துவரிடம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. "காதுக்குள் பார்த்தீங்களா டாக்டர்? செவிப்பறை எப்படி இருக்கு? இந்த மருந்து எதுக்கு? மூணு நாள் பார்த்துட்டுக் கொடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். சிகிச்சையின் நன்மை தீமையை விளக்கி நோயாளியின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்திருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதி. மருந்தால் உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ முதலில் 108. பிறகு 1800-180-3024 என்ற மருந்துப் பக்கவிளைவுக் கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே புகார் பதிவு செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் அலட்சியத்தால் பிள்ளைக்குக் கேடு வந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே குறை இருந்தால் 104 அல்லது முதல்வரின் உதவி எண் 1100ஐ அழையுங்கள். பட்டம் இல்லாமல் ஊசி போடுகிறவரிடம் போகவே போகாதீர்கள். பதிவு பெற்ற மருத்துவரா என்று தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பார்த்துக்கொள்ள முடியும்.

சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். ஈ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவராக இருந்தாலும் உங்களையும் அதில் சேர்த்தாக வேண்டும். பிள்ளைக்கும் சிகிச்சை உண்டு. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, அட்டையில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பக்கத்து அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் இதே உரிமைதான். மொழி தெரியாததால் அவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்கும் சொல்லுங்கள்.

தடுப்பூசியை விடாதீர்கள். காது நோய்க்குக் காரணமான நியுமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு மையங்களில் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை போட வேண்டும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைத்தால் பிள்ளைக்குக் காது நோய் கூடும். பாட்டில் பாலைப் படுக்க வைத்துப் புகட்டாதீர்கள்.

பிள்ளையின் வளர்ச்சியில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளில் காது நோய், கேட்புக் குறைவு, ஆட்டிசம் மூன்றும் உண்டு. அங்கன்வாடி அம்மாவிடம் சொன்னால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. ஆட்டிசம் உறுதியானால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் சான்றும், பள்ளியில் சேரும் உரிமையும் உண்டு. ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குவோம் என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

காது நோய் வந்துபோன பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்தும் நடுக்காதில் நீர் நிற்கிறது. ஆகவே மருந்து முடிந்ததோடு விடாமல், மூன்றாம் மாதம் ஒரு முறை பிள்ளையை அழைத்துப்போய்க் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் கேட்புப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள்.